டைமிங் பெல்ட்: மலை ஏறும் டீசல் வண்டிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டுப் பக்கம் எஸ்டேட் வேலைக்கு ஓடும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு டைமிங் பெல்ட் (என்ஜினின் கிராங்க் ஷாஃப்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட்) எப்போது மாற்றுவது என்று கேட்டால், "லட்சம் ஓடட்டும், பாத்துக்கலாம்" என்பார்கள். கிலோமீட்டரை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பெல்ட்டுக்குத் தெரிவது கிலோமீட்டர் அல்ல, என்ஜின் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான். தொப்பூர் வழியாகத் தர்மபுரி போகும் வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், என்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,000 சுற்று) ஓடினால், ஒரு கி.மீ.க்கு 2,000 சுற்று. அதே 2,000 ஆர்பிஎம்மில் காப்பித் தோட்டத்து மண் பாதையில் 15 கி.மீ. வேகத்தில் உருண்டால், ஒரு கி.மீ.க்கு 8,000 சுற்று. நான்கு மடங்கு. லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஏற உதவும் கியர்) போட்டால் இன்னும் கூடும். மூட்டை ஏற்றி முடியும்வரை என்ஜினை அணைக்காமல் நிறுத்தி வைப்பதெல்லாம் மீட்டரில் ஏறவே ஏறாது.

ஆகவே கையேட்டில் 1,50,000 கி.மீ. என்று போட்டிருந்தால் சமவெளியில் ஓடும் வண்டிக்கு அது சரி. தோட்டத்து வண்டியாக இருந்தால் 1,00,000-லேயே மாற்றிவிடுங்கள். கையேட்டில் ஆண்டுக் கணக்கும் இருந்தால் எது முன்னால் வருகிறதோ அதுதான் கெடு. வருடத்துக்கு ஐயாயிரம் கி.மீ. கூட ஓடாமல் ஷெட்டில் நிற்கும் வண்டியிலும் ரப்பர் மூப்படையும்.

அதற்கு முன் உங்கள் வண்டியில் பெல்ட் இருக்கிறதா, செயினா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஃபார்ச்சூனர் 3.0, பஜேரோ ஸ்போர்ட் 2.5, டஸ்டர் 1.5, ஜீப் காம்பஸ் 2.0 டீசல் எல்லாம் பெல்ட். ஃபார்ச்சூனர் 2.8, ஸ்கார்பியோ எம்ஹாக் இரண்டும் செயின். பழைய பில்லில் "பெல்ட் மாற்றியது" என்று மட்டும் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது வெளியே தெரியும் ஃபேன் பெல்ட்டாகத்தான் இருக்கும்.

சில வண்டிகளின் டேஷ்போர்டில் எரியும் டி-பெல்ட் (டைமிங் பெல்ட்) விளக்கைப் பற்றியும் ஒரு தப்பான எண்ணம் உண்டு. அது பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை. ஓடிய தூரத்தை எண்ணி, குறித்த கி.மீ. வந்ததும் எரியும், அவ்வளவுதான். பெல்ட்டைத் தொடாமலே விளக்கை மட்டும் ரீசெட் செய்து விற்கலாம். புது பெல்ட் போட்டுவிட்டு ரீசெட் செய்ய மறந்தால், அடுத்த கெடு எப்போது என்று விளக்கு சொல்லாது.

"கவரைத் திறந்து பார்த்தோம், பெல்ட் புதுசு மாதிரி இருக்கு" என்பதும் போதாது. இப்போது வரும் பெல்ட்டுகள் வெளியே வெடிப்பு காட்டாமலேயே உள்ளிழை தளர்ந்து அறுந்துபோகும். கழற்றிய பெல்ட்டைக் கையில் வாங்கி, பல் இருக்கும் உள்பக்கம் வெளியே வருமாறு லேசாக வளைத்துப் பாருங்கள். பல்லின் அடியில் மயிரிழைக் கீறல், ஓரத்தில் பிரிந்த நூல், கண்ணாடி போலப் பளபளக்கும் முதுகு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அது காலம் கடந்த பெல்ட். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கேம் ஆயில் சீல் அல்லது கிராங்க் ஆயில் சீல் கசிகிறதோ என்று சந்தேகப்படுங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் உப்பும், பல் இளகும். கசியும் ஆயில் சீல் மாற்றாமல் புது பெல்ட் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

பெல்ட்டை மட்டும் மாற்றி, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் அது உருண்டு போகும் ஐட்லர் பேரிங்கையும் பழசாகவே விடுவதில் மிச்சம் பிடிப்பவர்கள் அதிகம். பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் ஒரே நாளில் போய்விடும். மூன்றும் சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். பஜேரோ ஸ்போர்ட்டில் என்ஜின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்குத் தனியாக ஒரு சின்ன பெல்ட் உண்டு. அது அறுந்து டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால் இரண்டும் போச்சு, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வாட்டர் பம்ப் விஷயம் வண்டிக்கு வண்டி மாறும். டஸ்டரிலும் காம்பஸிலும் அதைச் சுழற்றுவது டைமிங் பெல்ட், அதனால் கூடவே மாற்றுவது நல்லது. ஃபார்ச்சூனர் 3.0-இல் அது ஃபேன் பெல்ட்டில் ஓடுகிறது. நன்றாக இருக்கும் பம்பை இந்தச் சாக்கில் மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

மாட்டும்போது நடக்கும் தவறுகளில் முக்கியமானது அவசரம். கிராங்க், கேம் புல்லிகளில் உள்ள மார்க்குகளைப் பொருத்தி, டென்ஷனரைப் பிடித்து வைத்திருக்கும் பின்னை இழுத்த பிறகு, கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, என்ஜின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். மார்க்குகள் மறுபடி நேருக்கு நேர் வந்து நின்றால்தான் சரி. நடுவில் எங்காவது கெட்டியாக இடித்தால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் கொடுத்தால் பிஸ்டன் இடித்து வால்வு வளையும். இதைச் செய்யாமல் ஸ்டார்ட்டரைத் தட்டும் பட்டறைக்கு வண்டியை விடாதீர்கள். புது பெல்ட்டை முறுக்குவதும், ஸ்குரூடிரைவரால் நெம்பி ஏற்றுவதும் உள்ளிழையை முறித்துவிடும். கவரின் ரப்பர் ஓரத்தையும் எல்லா போல்ட்டையும் திரும்பப் போட்டார்களா என்று பாருங்கள். சேலத்து மாக்னசைட் தூசியும் சேர்வராயன் மலைச் செம்மண்ணும் உள்ளே போனால் பல்லை அரைத்துவிடும்.

கடைசியாக, அறுந்த பிறகு செய்யும் தவறு. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் என்ஜின் சட்டென்று நின்றால், ஸ்டீயரிங் கனக்கும். மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்கு மட்டுமே வேக்குவம் மிச்சமிருக்கும். பம்ப் செய்யாமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சாவியை ஒருமுறை திருப்பும்போது என்ஜின் வழக்கத்தைவிட லேசாக, சர்ரென்று சுற்றினால் கம்ப்ரஷன் இல்லை, பெல்ட் போயிருக்கலாம். மறுபடி திருப்ப வேண்டாம். இறக்கம்தானே என்று இரண்டாம் கியரில் உருட்டி ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம். பெல்ட் அறுந்ததும் பிஸ்டன் இடித்த முதல் அடியில் நான்கு வால்வு வளைந்திருந்தால், உருட்டும்போது மிச்சமும் வளைந்து, பிஸ்டனும் ஹெட்டும் சேர்ந்து செலவு வைக்கும். கயிறு கட்டி இழுத்து இறக்க வேண்டாம். பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் இல்லாத வண்டி மலை இறக்கத்தில் ஆபத்து. வண்டியை மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் லாரியைச் சேலத்திலிருந்து வரவழையுங்கள். ஏற்றும்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.