தொலைதூர ரயிலில் முதல் பயணம்: பயணச்சீட்டை வாசிக்கும் முறை

இந்தியாவில் முதன்முறையாக முன்பதிவு செய்து தொலைதூர ரயிலில் செல்கிறவர்கள் படும் சிரமங்களில் பெரும்பாலானவை வண்டிக்குள் தொடங்குவதில்லை. வீட்டில் உட்கார்ந்து சீட்டு எடுக்கும்போது நிலையத்தின் பெயரிலோ தேதியிலோ நேர்ந்துவிட்ட சிறு பிழையே பிறகு நடைமேடையில் பெருந்துன்பமாக வந்து நிற்கிறது. ஆகையால், சீட்டில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு சொல்லும் எண்ணும் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது நிலையம். சென்னையிலிருந்து மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரி, இராமேசுவரம் பக்கம் போகும் வண்டிகளில் பல எழும்பூரிலிருந்தும் சில தாம்பரத்திலிருந்தும் புறப்படுகின்றன. கோயம்புத்தூர், பெங்களூரு, மும்பை, டெல்லி, ஹவுரா செல்லும் முக்கிய வண்டிகள் சென்ட்ரலிலிருந்து புறப்படுகின்றன. சென்ட்ரல் நிலையத்திற்கு 2019ஆம் ஆண்டு முதல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் பெயர் சூட்டப்பட்டிருப்பதால், சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்து வேறு நிலையம் என்று எண்ணிவிட வேண்டாம். குறியீட்டைப் பார்த்தால் குழப்பம் வராது: எம்.ஏ.எஸ். என்றால் சென்ட்ரல், எம்.எஸ். என்றால் எழும்பூர். இரண்டுக்கும் இடையே அதிக தூரம் இல்லை என்றாலும், மூட்டை முடிச்சுகளோடு மாலை நெரிசலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுவதற்குள் வண்டி போய்விடும். இறங்கும் ஊரிலும் இதே கவனம் வேண்டும். டெல்லி என்றால் புது டெல்லியா, பழைய டெல்லியா, நிஜாமுதீனா என்பதையும், பெங்களூரு என்றால் நகர நிலையமா, யஷ்வந்த்பூரா என்பதையும் பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள்.

அடுத்தது தேதி. இதில்தான் படித்தவர்களும் தவறுகிறார்கள். ரயில்வே நேரம் 24 மணிக் கணக்கில் எழுதப்படுகிறது. நள்ளிரவு கடந்த நொடியிலேயே தேதி மாறிவிடும். நாம் பேச்சில் ‘வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டேகால் வண்டி’ என்று சொல்வது, சீட்டின்படி சனிக்கிழமை 00.15 மணி வண்டியாகும். வெள்ளிக்கிழமை தேதியிட்டு 00.15க்கு எடுத்த சீட்டோடு வெள்ளி இரவு நிலையத்திற்குப் போனால், அந்த வண்டி முந்தின இரவே போயிருக்கும். நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடைப்பட்ட நேரம் சீட்டில் இருந்தால், அந்தத் தேதிக்கு முந்தைய நாள் இரவே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாள் முன்பாகக் காலை 8 மணிக்குத் தொடங்குகிறது. 2024 நவம்பருக்கு முன்பு இது 120 நாளாக இருந்தது. பொங்கல், தீபாவளி நாட்களுக்கான தென்மாவட்ட வண்டிகளில் இடம் நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதால், அந்த 60 நாள் கணக்கைப் பண்டிகைக்குப் போகிறவர்கள் அலட்சியப்படுத்தக் கூடாது. ரயில்வேயின் சீட்டு விற்பனை நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி.யின் இணையதளத்திலோ ரயில்ஒன் செயலியிலோ நீங்களே எடுக்கலாம்; நிலைய முன்பதிவு மையத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்தும் பெறலாம். ஒரு சீட்டில் 6 பேர் வரை சேர்க்கலாம். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.

கடைசி நேரப் பயணத்திற்குத் தட்கல் என்னும் அவசர முன்பதிவு உண்டு. ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஏசி அல்லாத வகுப்புகளுக்கு 11 மணிக்கும், வண்டி தன் தொடக்க நிலையத்திலிருந்து புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் திறக்கிறது. நீங்கள் ஏறும் நாளுக்கு முந்தைய நாள் என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும். டெல்லியில் 10ஆம் தேதி இரவு புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் 11ஆம் தேதி நாக்பூரில் ஏறுகிறவருக்குத் தட்கல் திறப்பது 9ஆம் தேதி. 2025 ஜூலை முதல், இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்கு வேண்டும். அந்தச் சரிபார்ப்பைத் தேவை வரும் முன்பே முடித்து வைப்பது நல்லது. உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

வகுப்பைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஓர் இரவுப் பயணத்திற்கு ஸ்லீப்பர், அதாவது ஏசி இல்லாத படுக்கை வகுப்பு, போதும். போர்வையும் தலையணையும் பொதுவாக ஏசி படுக்கை வகுப்புகளில்தான் தருவார்கள் என்பதால் ஸ்லீப்பரில் செல்பவர்கள் ஒரு சால்வையாவது எடுத்துச் செல்ல வேண்டும்.

பணம் செலுத்தியதும் உங்கள் முன்பதிவை அடையாளம் காட்டும் பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணும் அதன் கீழ் ஒரு நிலைக் குறிப்பும் வரும். முதல் பயணிகள் மிகுதியும் அஞ்சுவது இந்தக் குறிப்பைப் பார்த்துத்தான். சி.என்.எஃப். என்றால் இடம் உறுதி. ஆர்.ஏ.சி. என்றால் வண்டியில் ஏற உரிமை உண்டு, உட்கார இடம் உண்டு. ஆனால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை ஒன்றை இருவர் பகிர்ந்து உட்கார வேண்டும், யாராவது வராமல் போனால் முழுப் படுக்கை கிடைக்கும். டபிள்யு.எல். என்றால் காத்திருப்போர் பட்டியல். அதிலும் எல்லாப் பட்டியலும் ஒன்றல்ல. ஜி.என்.டபிள்யு.எல். என்பது பெரும்பாலும் வண்டியின் தொடக்க நிலையத்திலிருந்து போகிறவர்களுக்கான பொதுப் பட்டியல். உறுதியாகும் வாய்ப்பு இதில்தான் அதிகம். ஆர்.எல்.டபிள்யு.எல்., பி.க்யூ.டபிள்யு.எல். என்பவை வழியிலுள்ள நிலையங்களுக்கெனப் பிரித்து ஒதுக்கிய இடங்களைச் சார்ந்தவை. அவற்றில் சிறிய எண்ணைக் கண்டுகூட நம்பிக்கை வைத்துவிடக் கூடாது. ‘ஜி.என்.டபிள்யு.எல். 25, டபிள்யு.எல். 12’ என்று இரண்டு எண்கள் இருந்தால், முதலாவது நீங்கள் எடுத்தபோது இருந்த இடம், இரண்டாவது இன்றைய இடம். உங்கள் முன்னால் நின்றவர்களில் 13 பேர் நகர்ந்திருக்கிறார்கள் என்று பொருள்.

வண்டி புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பாகவே பயணிகள் பட்டியலைத் தயாரித்துவிடுகிறார்கள். ‘சார்ட் போட்டாச்சா’ என்று பலரும் கேட்பது இதைத்தான். அப்போதும் காத்திருப்பிலேயே இருக்கும் இணையச் சீட்டு தானாக ரத்தாகி, பணம் கணக்கிற்குத் திரும்பும். அதைக் காட்டி வண்டியில் ஏற முடியாது. நிலையத்தில் வாங்கிய காத்திருப்புச் சீட்டோடும் ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏறக் கூடாது.

இனிப் படுக்கை எண். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் எட்டெட்டுப் படுக்கைகள் ஓர் அறை போல அமைந்திருக்கும். பழைய ஐ.சி.எஃப். வடிவ ஸ்லீப்பரில் 72, புதிய எல்.எச்.பி. வடிவத்தில் 80 என்று மொத்தம் மாறினாலும் எட்டின் வரிசை மாறுவதில்லை. உங்கள் எண்ணை எட்டால் வகுத்துப் பாருங்கள். மீதி 1 அல்லது 4 என்றால் கீழ்ப் படுக்கை, 2 அல்லது 5 என்றால் நடு, 3 அல்லது 6 என்றால் மேல், 7 என்றால் பக்கவாட்டுக் கீழ், மீதியின்றி வகுபட்டால் பக்கவாட்டு மேல். எண் 37 வந்தால் மீதி 5, ஆகவே நடுப் படுக்கை. 33 என்றால் கீழ். 40 என்றால் பக்கவாட்டு மேல். இரண்டடுக்கு ஏசியில் நடுப் படுக்கை கிடையாது, ஆகவே அங்கே ஆறால் வகுக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள பெற்றோரை அனுப்புகிறவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். 45 வயது நிறைந்த பெண்களுக்கும் 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. கீழ்ப் படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய்க என்று கேட்கும் வசதியும் இணையதளத்தில் இருக்கிறது.

நிலையத்திற்கு அரை மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். சீட்டில் எஸ்5 என்றிருந்தால் அது ஐந்தாவது ஸ்லீப்பர் பெட்டி. பி என்பது மூன்றடுக்கு ஏசி, ஏ என்பது இரண்டடுக்கு, எச் என்பது முதல் வகுப்பு ஏசி. இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகள் கொண்ட வண்டி அரை கிலோமீட்டர் நீளம் இருக்கும். இடைநிலையங்களில் அது இரண்டு நிமிடமே நிற்கும். வண்டி வந்த பிறகு பெட்டியைத் தேடி ஓடுவது ஆபத்து. நடைமேடையில் தொங்கும் மின்பலகையில் பெட்டி எண் தெரியும். அது இல்லாத ஊரில் சுமை தூக்குபவரைக் கேட்டால் சரியாகச் சொல்வார். தாமதமாகிவிட்டால் அருகிலுள்ள முன்பதிவுப் பெட்டி எதிலாவது ஏறி, உள்வழியாக நடந்து உங்கள் இடத்திற்குச் செல்லுங்கள். நகரும் வண்டியில் ஒருபோதும் ஏற வேண்டாம்.

ஏறியதும் உங்கள் பயணப் பெட்டியைக் கீழ்ப் படுக்கையின் அடியில் தள்ளி, அங்குள்ள வளையத்தில் சங்கிலியால் பூட்டுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒருவர் கொண்டுசெல்லும் சுமைக்கு 40 கிலோ வரை கட்டணமில்லை. பயணச்சீட்டுப் பரிசோதகர் வரும்போது அசல் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அதுவரை அதை மூட்டையின் அடியில் வைத்துவிடாதீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை உறங்கும் நேரம். நடுப் படுக்கைக்காரர் அதை விரிக்கக் கேட்டால் கீழே இருப்பவர் மறுக்கக் கூடாது, 6 மணிக்குப் பின் மடித்து வைக்கச் சொன்னால் நடுப் படுக்கைக்காரரும் மறுக்கக் கூடாது. தொல்லை, திருட்டு, உடல்நலக் குறைவு எதுவானாலும் 139 என்ற எண்ணை அழையுங்கள். அபாயச் சங்கிலியை உண்மையான ஆபத்தில் மட்டுமே இழுக்க வேண்டும்; காரணமின்றி இழுப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம்.

நீங்கள் இறங்கும் நிலையம் விடியற்காலை நாலு மணிக்கு வருவதாக இருக்கலாம். வண்டிக்குள் எந்த அறிவிப்பும் இல்லாமல் நிலையம் வந்து போய்விடக்கூடும். கைபேசியில் வண்டியின் நேரத்திற்கு முக்கால் மணி நேரம் முன்பாக ஒரு அலாரமும் கால் மணி நேரம் முன்பாக இன்னொரு அலாரமும் வையுங்கள். வண்டி தாமதமா என்பதைப் பார்த்துக்கொண்டு, காலணி, கண்ணாடி, மின்னேற்றி மூன்றும் கையில் இருக்கின்றனவா என்று சரிபார்த்து, ஒரு நிலையம் முன்பாகவே கதவருகே வந்து நில்லுங்கள். இறங்கிய பிறகும், வெளிவாயிலைத் தாண்டும் வரை சீட்டைக் கையில் வைத்திருங்கள்.