மின்சாரக் காரின் வாரண்டி முடிவதற்குள் செய்யக்கூடாத தவறுகள்

மின்சாரக் கார் வைத்திருப்பவரிடம் வாரண்டி பற்றிக் கேட்டால் "அதுக்கென்ன, எட்டு வருஷம் இருக்கே" என்பார். அந்த 8 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் கணக்கு பெரும்பாலும் பேட்டரிக்கும் மோட்டாருக்கும்தான். ஏசி, திரை, சஸ்பென்ஷன், கதவுப் பூட்டு போன்றவற்றுக்குப் பல கார்களில் 3 ஆண்டிலேயே வாரண்டி முடிந்துவிடும். வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும், காருக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் எந்தக் கணக்கில் வருகிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே வாரண்டிப் புத்தகத்தை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். ஆண்டு, கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் முடிகிறதோ அத்தோடு வாரண்டி முடிந்தது. பழைய காராக வாங்கியிருந்தால், முதல் உரிமையாளர் கைக்குக் கார் வந்த நாளிலிருந்தே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

பேட்டரி விஷயத்தில் பலர் செய்யும் தவறு, திரையில் தெரியும் ரேஞ்சை, அதாவது இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற எண்ணை, நம்புவது. அது நீங்கள் அண்மையில் ஓட்டிய விதத்தையும் வெப்பநிலையையும் வைத்துப் போடும் ஊகம். குளிரில் குறையும், நெடுஞ்சாலையில் விரட்டினால் இன்னும் குறையும். நீங்களே அளக்க ஒரு வழி இருக்கிறது. மிதமான வெயிலுள்ள நாளில் முழுசாகச் சார்ஜ் செய்து, 20 சதவீதம் வரும்வரை நிறுத்தாமல் ஓட்டுங்கள். செலவான மின்சாரம் 44 யூனிட் என்று கார் காட்டினால், 80 சதவீதத்துக்கு 44. அப்படியானால் முழுக் கொள்ளளவு 55. புதிதில் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 60 என்றால், இப்போது ஏறக்குறைய 92 சதவீதம் மிச்சம். துல்லியமான கணக்கு இல்லைதான், ஆனால் ரேஞ்ச் எண்ணைவிட எவ்வளவோ மேல். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால், அளப்பதற்கு முன் சில தடவை 100 சதவீதம் வரை சார்ஜ் செய்யுங்கள். இல்லாவிட்டால் சதவீதக் கணக்கே தப்பாக இருக்கலாம்.

பல நிறுவனங்கள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பொறுப்பேற்கும். 78 என்று வந்தால் வாக்குவாதம் செய்து பயனில்லை. ஆனால் 20 சதவீதத்திலிருந்து திடீரென 8-க்கு விழுகிறது, பாதியிலேயே சார்ஜ் நின்றுபோகிறது என்றால் விஷயம் வேறு. பேட்டரிக்குள் இருக்கும் சிறு அலகுகளான செல்களில் சில மட்டும் பலவீனமாகியிருக்கலாம். அது இயல்பான தேய்மானம் கிடையாது, பழுது. செல்களின் வோல்டேஜ் வித்தியாசத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டிலேயே சார்ஜ் செய்பவர்கள் வேகச் சார்ஜரைத் தொடுவதே இல்லை. காரின் வேகச் சார்ஜிங் வசதியில் பழுது இருந்தால் வாரண்டி முடிந்த பிறகு ஏதோ ஒரு நீண்ட பயணத்தில்தான் தெரியும். இரண்டு வெவ்வேறு நிலையங்களில் சோதியுங்கள், குறை காரிலா நிலையத்திலா என்று புரியும். பேட்டரி குளிர்ந்திருந்தால் வேகம் குறைவது இயல்பு, அதைக் குறையாக எடுக்க வேண்டாம். அப்புறம், சார்ஜிங் போர்ட்டின் முனைகள் நிறம் மாறியிருக்கின்றனவா, பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மற்றவற்றை அவசரமாகப் பார்ப்பதும் தவறு. இந்தக் கார்கள் எடை அதிகம். சஸ்பென்ஷன் புஷ்கள், பால் ஜாயின்ட்டுகள் போன்ற இணைப்புப் பாகங்கள் சீக்கிரம் தளரலாம். பாட்டை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, வேகத்தடைமேல் மெதுவாக ஏற்றி இறக்கி, சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி நகர்த்தும்போது டக் டக் என்று கேட்டால் ஆக்சில் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். டயரின் உட்புற ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெயில் காலத்தில் ஹீட்டரையும் குளிர் காலத்தில் ஏசியையும் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை, போடுங்கள். கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) அளவு தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இத்தனையும் கண்டுபிடித்துவிட்டு, சர்வீஸ் சென்டரில் வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அத்தனையும் வீண். ஒவ்வொரு குறையும் ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைப் பதிவுச் சீட்டில், தேதியோடும் கிலோமீட்டரோடும் ஏற வேண்டும். விட்டுவிட்டு வரும் சத்தத்துக்கு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "குறை எதுவும் தெரியவில்லை" என்றால் அதையும் எழுதி வாங்குங்கள். அதே குறை பிறகு திரும்பினால், வாரண்டிக் காலத்திலேயே சொன்னதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி. எச்சரிக்கைக் குறியீடுகளைச் செயலி வைத்து நீங்களே அழித்துவிட்டுப் போகாதீர்கள்.

கடைசி வாரத்தில் போவதும் வேண்டாம். இரண்டு மூன்று மாதம் முன்பே போனால், உதிரிபாகம் வரத் தாமதமானாலும் மாற்றிய பிறகு ஓட்டிப் பார்க்க நேரம் இருக்கும். சர்வீஸ் சென்டரில் முன்பதிவு கிடைக்கவில்லை என்றால், காலம் முடிவதற்குள் மின்னஞ்சலிலாவது புகாரைப் பதிவு செய்யுங்கள். மாற்றிய பாகத்துக்கு எத்தனை காலம் பொறுப்பு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரியையே மாற்றினாலும் புதிதாக 8 ஆண்டு தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். பழைய வாரண்டியில் மீதமிருக்கும் காலம்தான் பல இடங்களில் அதற்கும்.