லேப்ராஸ்கோபிக்குப் பின் தோள் வலியா? தைலத்தை எடுக்காதீர்கள்

பித்தப்பையையோ கர்ப்பப்பையையோ லேப்ராஸ்கோபி முறையில், அதாவது சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனில், அகற்றிக்கொண்டு வந்தவர்களில் பலர், "தையல் போட்ட இடம்கூடப் பரவாயில்லை, தோள்பட்டைதான் உயிர் போகிறது" என்பார்கள். உடனே வீட்டில் தைலம் தேய்த்து அமுக்கிவிடத் தொடங்குவார்கள். முதல் தவறு அதுதான். பெரும்பாலும் தோளில் ஒரு கோளாறும் இருப்பதில்லை.

ஆபரேஷனின்போது உள்ளே இடம் கிடைப்பதற்காக, கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். அழுத்தம் வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. பாதரசம். கடைசியில் வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கிவிடும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் ஏற்கெனவே இழுபட்டுப் புண்பட்டிருக்கும்; அதை இந்த வாயு மேலும் உறுத்தும். உதரவிதானத்தின் நரம்பும் தோள்பட்டையின் உணர்வு நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதால், வலி தோளில் தெரிகிறது. மூச்சை இழுக்கையில் மேல்வயிறு பிடிப்பதற்கும் இதுவே காரணம்.

ஓமத் தண்ணீர், சோடா, கேஸ் மாத்திரை எதுவும் இதற்கு உதவாது. இந்த வாயு குடலுக்கு வெளியே இருக்கிறது, ஏப்பத்தில் போகாது. ரத்தத்தில் கரைந்து மூச்சு வழியாகத்தான் வெளியேறும். சோடா குடித்தால் வயிறு இன்னும் உப்பும், அவ்வளவுதான்.

தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருப்பதும் சிலருக்கு வலியைக் கூட்டும், வாயு மேலேறி உதரவிதானத்தின் அடியில் சேர்வதால். டாக்டர் தடை சொல்லாவிட்டால் சற்று நேரம் மல்லாந்து படுத்துப் பாருங்கள். அதற்காக நாள் முழுக்கப் படுக்கையிலேயே கிடக்கக் கூடாது. வயிற்றில் தலையணையை அணைத்தபடி ஆழமாக மூச்சு விடுவதும், அறைக்குள் மெல்ல நடப்பதும் அவசியம். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமலிருக்கவும் நடை வேண்டும்.

வலி மாத்திரையை, தாங்க முடியாமல் போகும்வரை தள்ளிப்போடாதீர்கள்; எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போடுங்கள். கடையில் கேட்டு இன்னொன்றைச் சேர்ப்பது ஆபத்து: பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே அதே பாராசிட்டமால் இருக்கலாம், சில வலி மாத்திரைகள் சிறுநீரகக் கோளாறும் அல்சரும் உள்ளவர்களுக்கு ஆகாது.

ஆபரேஷன் இனிமேல்தான் என்றால், குறைந்த அழுத்தத்தில் செய்ய முடியுமா, முடிவில் வாயுவை முழுதாக வெளியேற்றுவீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். நியாயமான கேள்விதான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, எந்த வலியையும் "கேஸ்தான்" என்று ஒதுக்குவது. வாயு வலி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தணியத் தொடங்கும். வயிற்று வலி நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சல், விடாத வாந்தி, கண்ணில் மஞ்சள், வயிறு கல்லாக இறுகுதல் இருந்தாலோ, நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குதல் தெரிந்தாலோ, இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.