பாலர் பள்ளி வகுப்பறை அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் பாலர் பள்ளிகள் பல, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் இயங்குகின்றன. இடம் குறுகலானது, நடுவே தூண்களும் உண்டு. தரையில் செய்ய முடியாததைச் சுவரில் செய்துவிடலாம் என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது. வண்ணத் தாள், தோரணம், பண்டிகைப் படங்கள் என ஒரு சாண் இடம்கூட மிச்சமிருப்பதில்லை. பார்க்க வரும் பெற்றோருக்குப் பிடிக்கும். ஆனால் நாள் முழுவதும் அங்கே இருப்பவர்கள் பிள்ளைகள்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அலங்காரம் நிறைந்த அறையில் பாடம் கேட்ட பாலர் வகுப்புப் பிள்ளைகளின் கவனம் அதிகம் சிதறியது. வெறுமையான அறையில் கேட்டபோது கற்றதைவிடக் குறைவாகவே கற்றார்கள். அதற்காகச் சுவரை மொட்டையாக விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தமிழ் வகுப்பில் 247 எழுத்துகளையும் ஒரே அட்டவணையாக்கி வெள்ளைப்பலகைக்கு மேலே மாட்டுகிறோமே, அதைக் கழற்றுங்கள். நான்கு வயதுப் பிள்ளையின் கழுத்து வலிக்கும், கண் எதிலும் நிற்காது. இந்த வாரம் படிக்கும் மூன்று நான்கு எழுத்துகள் போதும். தரையில் உட்கார்ந்தால் பார்வைக்கு நேரே வரும் உயரத்தில், பிள்ளைகளே வரைந்த அம்மி, ஆடு, இலை ஆகிய படங்களோடு ஒட்டுங்கள்.

சுவரைவிடப் பெரிய பிழை ஒன்றுண்டு. அது கண்ணுக்குத் தெரியாததால் யாரும் பேசுவதில்லை: இரைச்சல். ஓட்டுத் தரை, கண்ணாடித் தடுப்பு, ஓயாத மின்விசிறி. இடுப்புயர அலமாரிக்கு அந்தப் பக்கம் சீன வகுப்பில் பாட்டு. இந்தப் பக்கம் ஆசிரியை பழம், பள்ளம், பல் என்று சொல்லிக்கொடுக்கிறார். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ல, ள, ழ வேறுபாட்டைக் காதால் பிடிக்கக் கிடைக்கும் வாய்ப்பே அந்த அரை மணி நேரந்தான். எதிரொலியில் மூன்றும் ஒன்றாகிவிட்டால் ஆசிரியையின் உழைப்பு விழலுக்கு இறைத்த நீர். தடித்த தரைவிரிப்பு, துணித்திரை, சுவரில் கம்பளிப் பலகை ஆகியவை எதிரொலியை ஓரளவு உறிஞ்சும். கதை சொல்லும் இடத்தைக் கட்டை விளையாட்டு மூலையிலிருந்து இயன்றவரை தள்ளி வையுங்கள்.

அந்தக் கட்டை மூலையைக் கழிவறைக்குப் போகும் வழியில் வைப்பது இன்னொரு தவறு. கட்டிய கோபுரத்தை யாராவது இடித்துக்கொண்டு ஓடுவார்கள். அழுகையைச் சமாதானப்படுத்தவே நேரம் போய்விடும். மூன்று பக்கமும் அடைப்புள்ள மூலையே அதற்கு ஏற்றது.

விளையாட்டுச் சமையலறையில் பிளாஸ்டிக் பீட்சாவும் பர்கரும் மட்டுமே இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் சில வெள்ளிக்கு எவர்சில்வர் டம்ளர், தோசைத்திருப்பி, இடியாப்பத் தட்டு கிடைக்கும். காலியான மசாலா பாக்கெட்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கேட்கும் பாடத்தில் வாய் திறக்காத பிள்ளையும் தோசைத்திருப்பியைக் கையில் எடுத்தால், “தாத்தாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று” என்று பரிமாறத் தொடங்கும். கூர்மையான விளிம்பு இருக்கிறதா என்று மட்டும் முதலில் தடவிப் பார்த்துவிடுங்கள்.

அலமாரிகள் பிள்ளைக்கு எட்டுவதாகவும், அவற்றுக்கு மேலாக ஆசிரியை அறை முழுவதையும் பார்க்க முடிவதாகவும் இருக்கவேண்டும். பிடித்து ஏறினாலும் சாயாதபடி சுவரோடு திருகிப் பொருத்துங்கள். இதை அடுத்த பள்ளி விடுமுறைவரை தள்ளிப்போட வேண்டாம்.