பி4 மாதிரி ரயில் பாதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் மாதிரி ரயில் கட்டுபவர்களில் பெரும்பாலோர் ஓஓ (OO) என்ற அளவில் கட்டும் ஓஓ கேஜ்காரர்கள். எஞ்சினும் பெட்டியும் 1:76.2 அளவில் இருக்கும்; கீழே ஓடும் பாதையின் அகலம் மட்டும் 16.5 மி.மீ. நிஜப் பாதை 1435 மி.மீ. என்றால் கணக்குப்படி 18.83 வர வேண்டும். இந்தக் குறை பொறுக்காதவர்கள் 1960-களில் வகுத்ததுதான் புரோட்டோஃபோர், சுருக்கமாக பி4. இதில் பாதை அகலம், சக்கரத்தின் ஃபிளாஞ்ச் (தண்டவாளத்தின் உட்புறம் இறங்கும் விளிம்பு), தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராசிங்கின் இடைவெளி எல்லாமே நிஜத்தின் நேர்ச் சுருக்கம். ஃபிளாஞ்ச் ஆழம் 0.38 மி.மீ. மட்டுமே. ஓஓ வண்டி தாண்டிப்போகும் பிசகில் பி4 வண்டி தடம் புரண்டு நிற்கும்.

தடம் புரள்வதற்கு முதல் காரணம் பாதை பிரியும் பாயின்ட்டைக் கட்டும் இடத்தில் இருக்கிறது. கிராசிங் மூக்குக்கு, அதாவது இரு தண்டவாளங்கள் V போலக் கூடும் முனைக்கு எதிர்ப்பக்கம், வெளித் தண்டவாளத்தை ஒட்டி செக் ரெயில் வரும். சக்கரத்தின் முதுகை (உட்புறத்தை) பிடித்துத் தன் பக்கம் இழுத்து, மறுபக்கச் சக்கரம் மூக்கில் மோதாமல் காப்பது அதன் வேலை. பலரும் 0.68 மி.மீ. தகடு ஒன்றை வெளித் தண்டவாளத்துக்கும் செக் ரெயிலுக்கும் நடுவே செருகி அப்படியே சால்டர் வைத்துவிடுகிறார்கள். அங்கே பாதை அகலம் சரியாக 18.83 இருந்தால் தொல்லை இல்லை. 18.75 ஆகச் சுருங்கியிருந்தால் மூக்கிலிருந்து செக் ரெயிலுக்கு 18.07 தான் கிடைக்கும். சக்கரங்களின் முதுகுக்கு முதுகு 17.75, ஃபிளாஞ்ச் தடிமன் 0.40, சேர்த்தால் 18.15. அந்த 0.08 போய் மூக்கில் இடிக்கும். மெதுவாகப் போனால் ஒரு துள்ளல், வேகமாகப் போனால் வண்டி கவிழும்.

எதிர்த்திசைப் பிசகும் உண்டு. வளைவுக்காகப் பாதை அகலத்தை 0.2 கூட்டிவிட்டு இரண்டு பக்கமும் அதே 0.68 தகட்டை வைத்தால், செக் ரெயிலுக்கும், மூக்கின் இருபுறமும் வரும் விங் ரெயிலுக்கும் நடுவே 17.67 ஆகிவிடும். குறைந்தபட்ச அளவான 17.67-க்கு அமைத்த சக்கரம் அதில் இறுகிக்கொள்ளும். எனவே செக் ரெயிலை மூக்கிலிருந்துதான் அளக்க வேண்டும், 18.15 காட்டும் செக் கேஜ் என்ற அளவுகருவி கொண்டு. வெளித் தண்டவாளத்தோடு வரும் இடைவெளி எவ்வளவு ஆனாலும் ஆகட்டும். வரிசையும் முக்கியம்: நேர் வெளித் தண்டவாளம், அதிலிருந்து கேஜ் வைத்து மூக்கு, பிறகு விங் ரெயில்கள், வளைவு வெளித் தண்டவாளம், பிளேடுகள் (நகர்ந்து வழியை மாற்றும் கூரான தண்டவாளங்கள்), கடைசியாகச் செக் ரெயில்கள். சால்டர் ஆறும்வரை கேஜை எடுக்கக் கூடாது. அவசரப்பட்டு எடுத்தால் தண்டவாளம் நகர்ந்துவிடும்.

பாதை சரியாக இருந்தும் வண்டி இறங்கினால் சக்கரத்தைப் பாருங்கள். முதுகுக்கு முதுகு அளவு 17.67-க்கும் 17.75-க்கும் நடுவே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு விடுவது தவறு. அச்சைச் சுற்றி மூன்று இடத்தில் அளந்தால்தான் சக்கரம் கோணலாக ஏறியிருப்பது தெரியும். நான்கு சக்கர வேகனை விறைப்பாகக் கட்டுவதும் பி4-இல் வேலைக்கு ஆகாது. பாதையில் சிறு முறுக்கு இருந்தாலே ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். ஃபிளாஞ்ச் அத்தனை சிறிது. ஒரு அச்சு நிலையாகவும் மற்றொன்று நடுவில் ஊசலாடும்படியும் அமைத்தால் மூன்று புள்ளிகளில் எடை இறங்கும். அச்சுக்குச் சுமார் 25 கிராம் என்று, வேகனுக்கு 50 கிராம் வரை எடை ஏற்றுங்கள்.

மின்சாரத்தில் பிளேடு தரும் தொல்லையைப் பலரும் கவனிப்பதில்லை. நிஜத்தில் பிளேடு விலகும் தூரம் நாலேகால் அங்குலம், இங்கே 1.4 மி.மீ. பிளேடுகளை மூக்கோடு சேர்த்து ஒரே மின்துண்டாக விட்டால், திறந்திருக்கும் பிளேடைச் சக்கரத்தின் முதுகு உரசும்போதெல்லாம் ஷார்ட் ஆகும். ஒவ்வொரு பிளேடையும் அதன் பக்கத்து வெளித் தண்டவாளத்தோடு கம்பியால் இணையுங்கள். மூக்கும் விங் ரெயில்களும் தனித் துண்டு. பாயின்ட் மோட்டாரில் உள்ள ஸ்விட்ச் அதன் துருவத்தை மாற்றட்டும். காப்பர்கிளாட் (மேலே செம்புத் தகடு ஒட்டிய) ஸ்லீப்பரில் செம்பை அறுத்த இடைவெளியை ஸ்லீப்பர் வைக்க வைக்க மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். நாற்பது ஸ்லீப்பர் ஒட்டிய பிறகு எது ஷார்ட் என்று தேடுவது தண்டனை.

தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட் மின்சாரம் கடத்தும் என்று நம்புவது வீண். தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றுக்கும் அடியிலிருந்து தனிக் கம்பி கொடுங்கள். சால்டர் ஒட்ட உதவும் அமிலப் பிளக்ஸ் பயன்படுத்தினால் அன்றைக்கே தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு கழுவ வேண்டும். விட்டுவைத்தால் செம்பு பச்சை பூக்கும், எஃகுத் தண்டவாளம் துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளம் மீட்டருக்கு 25 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் 0.4 மி.மீ. நீளும். இடைவெளியே விடாமல் நீளமாகச் சால்டர் செய்தவர்களின் பாதை கோடையில் நெளியும்.

ஜல்லி போடுவதில் பொதுவான பிசகு அளவு. நிஜ ஜல்லி 28 முதல் 50 மி.மீ. இருந்தால் இங்கே 0.4 முதல் 0.65 தான். ஓஓவுக்கென்று விற்பதில் பல பெரிதாக இருக்கும். இன்னும் சிறிய மாதிரி அளவான N கேஜுக்கான ஜல்லியே பொருத்தம். வண்டி பல நாள் ஓடிச் சரி பார்த்த பிறகுதான் ஜல்லி. தண்டவாளத்தின் பக்கங்களுக்கு அதற்கு முன்பே பழுப்பு நிறம் அடித்துவிடுங்கள். ஆரஞ்சுத் துரு வேண்டாம், அது புதிதாகத் துருப்பிடித்த இரும்பின் நிறம். பசை ஊற்றுமுன் ஜல்லியைப் பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரால் பனித்துளிபோல் நனைக்க வேண்டும். காய்ந்த ஜல்லிமேல் பிவிஏ பசை சொட்டினால் குழி விழும். பிளேடு நகரும் ஸ்லீப்பர்களிடையே தூவும் ஜல்லி மட்டும் குறைவாக, பசையும் சொட்டுச் சொட்டாக. சைடிங்குகளில் (வண்டிகளை நிறுத்தும் பக்கப் பாதைகளில்) சாம்பலும் கரித்தூளும்தான் பொதுவாக இருந்தன. எல்லாப் பாதையிலும் ஒரே சாம்பல் நிற ஜல்லி போட்டால் ரயில்வேயே தெரியாதவர் போட்டதாகத் தெரியும்.

அலங்காரத்தில் நடக்கும் தவறுகளில் பாதி அளவுத் தவறுகளே. 4 மி.மீ. ஸ்டாட்டிக் புல் (மின்னூட்டத்தால் நிமிர்த்தி ஒட்டும் இழை) என்பது ஓர் அடி உயரப் புல். வெட்டிவைத்த புல்வெளிக்கு 1 அல்லது 2 மி.மீ. போதும். வளர்ந்த ஓக் மரம் 20 மீட்டர் என்றால் 260 மி.மீ. வேண்டும். கடையில் விற்கும் 10 செ.மீ. மரம் நிஜத்தில் எட்டு மீட்டர்கூட இல்லை. செங்கல் வரிசை ஒன்றுக்கு 1 மி.மீ. தான், பிளாட்பாரச் சுவரில் எத்தனை வரிசை வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் பல கிட்களின் குட்டு வெளிப்படும். பிளாட்பார உயரம் மூன்றடி என்றால் 12 மி.மீ., ஆனால் அது தண்டவாள மேற்பரப்பிலிருந்து. பலகையிலிருந்து அளந்தால் பிளாட்பாரம் தாழ்ந்துபோய் பெட்டிப் படிகள் அந்தரத்தில் தொங்கும். தண்டவாளத்தை ஸ்லீப்பரில் பிடிக்கும் இரும்பு நாற்காலிகளும் (chair) ரயில் கம்பெனிக்குக் கம்பெனி வேறு: கிரேட் வெஸ்டர்ன் நாற்காலிகளுக்கு இரண்டு போல்ட், எல்எம்எஸ் பாதையில் மூன்று. மாறிப்போனால் தெரிந்தவர் கண் அங்கேதான் போகும்.

மறந்துபோகிற பாகம் டிராப் பாயின்ட் (trap point). பயணிகள் பாதையில் வந்து சேரும் சைடிங் ஒவ்வொன்றிலும், தப்பி உருளும் வேகனை ஓரமாகத் தடம்புரளச் செய்ய இது கட்டாயம். டெம்ப்ளாட் (Templot) என்ற பாதை வரையும் மென்பொருளில் வரைபடம் அச்சிடும்போதே அதற்கு இடம் ஒதுக்கி வையுங்கள். பாதை ஒட்டி ஜல்லி இறுகிய பிறகு நினைவு வந்தால், அந்தச் சைடிங் முழுவதையும் பெயர்த்தெடுப்பதுதான் வழி.