ஆப்பிரிக்க மனநலப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்கர்களுக்குத் தனியாக ஓர் உளவியல் அணுகுமுறை எதற்கு என்று கேட்பவர்கள் இதைப் படிக்கட்டும். கென்யாவின் மதாரி மனநல மருத்துவமனையை நடத்திய ஜே.சி. கரோதர்ஸ், ஆப்பிரிக்கர்களின் மனம் மூளையின் முன்பகுதியில் அறுவை செய்யப்பட்ட ஐரோப்பியர்களின் மனத்தை ஒத்திருக்கிறது என்று 1951-இல் எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து உலக சுகாதார நிறுவனமே ஆப்பிரிக்க மனம் பற்றிய அவரது நூலை வெளியிட்டது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக்கு வடிவம் கொடுத்த ஃபெர்வூர்ட், அரசியலுக்கு வருமுன் உளவியல் பேராசிரியர்! இப்படி ஒரு பின்னணி உள்ள துறையைத் திருத்தியே ஆக வேண்டும். திருத்தப் போகிறவர்களும் சில இடங்களில் வழுக்கி விழுகிறார்கள்.

முதலாவது, வெளியிலிருந்து வந்த சிகிச்சையை அப்படியே இறக்கிவிட்டு, நோயாளிகள் ஒத்துழைக்கவில்லை என்று குறை சொல்வது. 1953-இல் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனைக்கு வந்த மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபானோன், பிரான்சில் கற்றபடி கூட்டங்கள், விழாக்கள், திரைப்படங்கள் என்று தொடங்கினார். ஐரோப்பியப் பெண்கள் வார்டில் நன்றாகப் பலித்தது. முஸ்லிம் ஆண்கள் வார்டில் யாரும் அசையவில்லை. ஃபானோன் அவர்களைக் குறை சொல்லவில்லை. தன் முறைதான் தவறு என்று உடன் பணியாற்றிய அஸூலேயோடு சேர்ந்து எழுதினார். அப்புறம் வார்டுக்கு வட ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்குப் பழக்கமான 'மூர்' பாணிக் காபிக்கடை ஒன்று வந்தது, கதைசொல்லி வந்தார், அவர்களுடைய பண்டிகைகள் நடந்தன.

இதற்கு நேர் எதிரான தவறு, கண்டம் முழுவதையும் ஒரே ஊராக நினைப்பது. எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் முதல் பத்தியிலேயே 'உபுண்டு', அதாவது மற்றவர்களோடு சேர்ந்துதான் ஒருவர் மனிதராகிறார் என்ற கருத்து, வந்துவிடுகிறது. அது தெற்கு ஆப்பிரிக்காவின் சூலு, கோசா போன்ற ஙூனி மொழிகளுக்கு உரிய சொல். 54 நாடுகளுக்கும் அதையே தத்துவமாக நீட்டினால், கெய்ரோவும் டாக்காரும் எங்கே போகும்? லாகோஸில் அடுக்குமாடியில் குடியிருந்து வங்கி வேலைக்குப் போகும் பெண்ணும் ஆப்பிரிக்கர்தான். அவர் கேட்காமலே முன்னோர் சடங்கைப் பரிந்துரைத்தால் எழுந்து போய்விடுவார்.

உள்ளூரில் நடப்பதெல்லாம் நல்லது என்று கண்ணை மூடிக்கொள்வதும் ஆபத்து. கானாவின் ஜெப முகாம்களில் மனநோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. நைஜீரியாவின் அரோவில் 1954-இல் மனநல மருத்துவர் தாமஸ் லாம்போ செய்தது வேறு. நோயாளி ஓர் உறவினரோடு பக்கத்துக் கிராமத்தில் தங்குவார், பகலில் சிகிச்சைக்கு வருவார். நாட்டு வைத்தியர்களையும் லாம்போ சேர்த்துக்கொண்டார். அதற்காக மருந்தைக் கைவிடவில்லை.

நம்முடையது என்பதால் சோதிக்கத் தேவையில்லை என்ற எண்ணமும் உண்டு. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 2006-இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் மருத்துவமனை வளாகத்து பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களின் சிக்கலைக் கேட்டுத் தீர்வு தேட உதவுகிறார்கள். 'மனநல பெஞ்ச்' என்றால் யாரும் வரமாட்டார்கள் என்று பாட்டிமாரே சொன்னதால்தான் அது 'நட்பு பெஞ்ச்' ஆனது. யாருக்கு உதவி தேவை என்று கண்டறியும் 14 கேள்விகளும், அந்நாட்டு ஷோனா மக்கள் தங்கள் துயரத்தைச் சொல்லும் சொற்களிலிருந்தே உருவாகின. இவ்வளவு உள்ளூர்த்தன்மை இருந்தும் அவர்கள் அதோடு நிற்கவில்லை. 24 சுகாதார மையங்களில் 573 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2016-இல் வந்த முடிவுப்படி, ஆறு மாதத்துக்குப் பின் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் சுமார் 50 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சுக்கு வந்தவர்களில் சுமார் 14 சதவீதம். இந்த எண்கள் இல்லாவிட்டால் எந்த நிதித்துறையும் பாட்டிமாரை நம்பியிருக்காது.

என் கணக்கில் மிகக் கொடியது கடைசித் தவறு: சமூகம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அரசு கைகழுவுவது. தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணம், செலவைக் குறைப்பதாகச் சொல்லி, லைஃப் எசிடிமேனி என்ற தனியார் மனநலப் பராமரிப்பு மையங்களிலிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை 2016-இல் வெளியேற்றியது. பலர் அனுப்பப்பட்ட தொண்டு நிறுவனங்களில் போதிய உணவோ பயிற்சி பெற்ற ஆட்களோ இல்லை. முறையான உரிமமும் இல்லை. 144 பேர் இறந்தார்கள்.