விளையாட்டு நாவலைச் சொந்தமாக வெளியிடும் முறை

விளையாட்டை மையமாகக் கொண்ட நாவலைச் சொந்தமாக வெளியிடும் எழுத்தாளருக்கு இருவகை வாசகர்கள் உண்டு. ஆட்டத்தை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் ஒரு வகை. விதிகள் எதுவும் தெரியாமல் கதைக்காக மட்டும் நூலைக் கையில் எடுப்பவர்கள் மற்றொரு வகை. வெளியீட்டுக்குத் திட்டமிடும்போது பலரும் எண்ணிக்கையில் பெரிய இரண்டாம் வகையினரையே முதலில் தேடிப் போகிறார்கள். நான் அந்த வரிசையை மாற்றிவிடச் சொல்வேன். பயிற்சியாளர், நடுவர், ஸ்கோரர், ஓய்வு பெற்ற வீரர் ஆகியோர் படித்துவிட்டு ஆட்டம் சரியாக வந்திருக்கிறது என்று சொன்ன நாவலைத்தான் மற்றவர்களிடம் துணிந்து கொண்டுசெல்ல முடியும். அவர்கள் பிழை கண்டு ஒதுக்கிய நாவலை எந்த விளம்பரமும் தூக்கி நிறுத்தாது.

ஆகவே வெளியீட்டு வேலை, வெளியிடும் நாளுக்கு ஐந்து அல்லது ஆறு மாதங்களுக்கு முன்பே, அந்த ஆட்டத்தில் பல ஆண்டுகள் கழித்த மூன்று நான்கு பேரிடம் கைப்பிரதியைக் கொடுப்பதில் தொடங்க வேண்டும். நன்றாக இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்ற பதில்தான் வரும். எந்தப் பக்கத்தில் ஒரு வீரர் அப்படிச் செய்யமாட்டார், எந்த உரையாடலில் உடைமாற்றும் அறையின் பேச்சு இல்லை, எந்த இடத்தில் புள்ளிக் கணக்கு இடிக்கிறது என்று குறித்துத் தரும்படி கேட்க வேண்டும். கடந்த காலத்தில் நடக்கும் கதை என்றால் இந்தச் சோதனை இன்னும் முக்கியமாகிறது, ஏனெனில் விதிகளும் காலத்தோடு மாறியிருக்கின்றன. மேசைப்பந்தில் 2001 வரை ஓர் ஆட்டம் 21 புள்ளிகள் கொண்டதாக இருந்தது. அதன் பிறகே 11 ஆனது. இறகுப்பந்தில் சர்வீஸ் போடாதவரும் புள்ளி பெறும் 21 புள்ளி முறை 2006இல்தான் வந்தது. இப்போது 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஆடப்படும் சர்வதேச ஹாக்கி, முன்பு 35 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாகவே ஆடப்பட்டது. 1990களில் நடக்கும் ஒரு ஹாக்கிக் கதையில் நான்காம் பகுதியின் கடைசி நிமிடத்தில் கோல் விழுந்தால், ஆட்டம் அறிந்த வாசகர் அந்த வரியிலேயே நூலை மூடிவிடுவார். கதாபாத்திரத்தின் துயரம் எவ்வளவு உண்மையாக எழுதப்பட்டிருந்தாலும் அவர் அதற்குப் பிறகு அதை நம்பமாட்டார்.

அந்தத் திருத்தங்கள் முடிந்த பிறகு, ஆட்டமே தெரியாத ஒருவரிடமும் பிரதியைக் கொடுங்கள். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எந்தப் பக்கங்களைத் தாண்டிச் சென்றீர்கள்? போட்டிக் காட்சிகளை அவர் தாண்டியிருந்தால், விதிகளை விளக்கும் பத்திகளைச் சேர்ப்பது தீர்வாகாது. அந்தப் போட்டியில் தோற்றால் கதாபாத்திரம் எதை இழக்கும் என்பது முன்கூட்டியே அவருக்குப் புரிந்திருக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

பெயர்களைப் பற்றியும் இந்தக் கட்டத்திலேயே முடிவெடுத்துவிட வேண்டும். அணிகளையும் வீரர்களையும் கற்பனையாகவே அமைத்துக்கொள்வது நல்லது. வாழும் வீரர் ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்து, அவர் செய்யாத செயலை அவர்மீது ஏற்றினால் அவதூறு வழக்குக்கு இடமுண்டு. அவருடைய படத்தை அட்டையில் போடுவதற்கு அவரது அனுமதியும் படமெடுத்தவரின் அனுமதியும் தேவைப்படும். உண்மையான அணிகளின் சின்னங்களை அட்டையில் பயன்படுத்தக் கூடாது. ஒலிம்பிக் வளையங்களுக்கு 1981ஆம் ஆண்டின் நைரோபி உடன்படிக்கை வழியாகத் தனிப் பாதுகாப்பே இருக்கிறது.

வெளியீட்டு நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் விளையாட்டு நாவல் மற்ற நாவல்களிலிருந்து வேறுபடுகிறது. பெரிய போட்டித் தொடர் நடக்கும்போது எல்லோரும் அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசுவதால் நூலும் விற்கும் என்று தோன்றும். உண்மையில் அந்த நாட்களில் ரசிகரின் மாலை நேரம் முழுவதையும் போட்டியே எடுத்துக்கொள்கிறது. 2026ஆம் ஆண்டுக் கால்பந்து உலகக் கோப்பையின் அட்டவணை ஜூன் 11இல் தொடங்கி ஜூலை 19இல் முடிகிறது, அதாவது 39 நாட்கள். கால்பந்து நாவலை அதற்கு நடுவில் வெளியிடுவதைவிட, எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டிருக்கும் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ வெளியிட்டால், தொடர் தொடங்கும்போது நூலைப் படித்து முடித்தவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்கள் வாய்வழியாகவே அது பரவும். பெரிய தொடர்கள் இல்லாத விளையாட்டாக இருந்தால், பருவம் முடிந்து வீரர்களும் பயிற்சியாளர்களும் ஓய்வாக இருக்கும் வாரங்களே பொருத்தமானவை.

அட்டையும் பின்னட்டைக் குறிப்பும் இரண்டாம் வகை வாசகருக்கானவை. பந்தும் மட்டையும் மட்டும் உள்ள அட்டையைப் பயிற்சிக் கையேடு என்று கருதிவிடுவார்கள். மனிதர் ஒருவர் அதில் இருக்கட்டும். பின்னட்டையில் போட்டியின் முடிவைப் பற்றிய ஆவலைத் தூண்டுவதைவிட, அந்தப் போட்டி ஏன் ஒருவருடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட வேண்டும். மின்னூல் கடையில் அட்டை கட்டைவிரல் நகம் அளவுக்கே தெரியும் என்பதால், தலைப்பை அந்த அளவிலும் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எழுத்தாளர்கள் தாங்களே நூல் வெளியிடுவதற்கான அமேசானின் கேடிபி தளத்தில் மின்னூல் அட்டைக்கு 2560 பிக்சல் உயரமும் 1600 பிக்சல் அகலமும் பரிந்துரைக்கப்படுகின்றன. அச்சு நூலின் முதுகு அகலம் பக்க எண்ணிக்கையைப் பொறுத்து மாறுவதால், பக்க வடிவமைப்பு முடியும் முன் முழு அட்டையை முடித்துவிடக் கூடாது. நூலை அடையாளம் காட்டும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணை அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனியாகப் பெற வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்ப் பிரதி என்றால், முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றும்போது சிதைந்த எழுத்துகளை வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். மின்னூலுக்கு முன்பதிவு வைத்தால், இறுதிக் கோப்பை வெளியீட்டுக்கு 72 மணி நேரத்துக்கு முன்பே ஏற்றிவிட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்க முடியாது. விளையாட்டுச் சங்கங்கள் வழியாக மின்னூலை நேரடியாக விற்க நினைப்பவர் இதில் சேராமல் இருப்பதே நல்லது.

வெளியீட்டுக்கு ஆறு வாரங்களுக்கு முன், முதலில் படித்துத் திருத்தம் சொன்ன அந்த மூன்று நான்கு பேரிடம் திரும்பிச் செல்லுங்கள். தங்கள் கைபட்ட நூல் என்பதால் அவர்கள் அதைத் தங்கள் சக வீரர்களிடமும் மாணவர்களிடமும் மனமுவந்து எடுத்துச் செல்வார்கள். இருபது முப்பது முன்பிரதிகளை அவர்கள் வழியாகவே கொடுக்கலாம். பிரதி பெற்றவர் கட்டாயம் மதிப்புரை எழுத வேண்டும் என்றோ, பாராட்டியே எழுத வேண்டும் என்றோ நிபந்தனை விதிக்கக் கூடாது. பணம் கொடுத்துப் பெறும் மதிப்புரைகளையும், குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் எழுதுபவற்றையும் அமேசான் ஏற்பதில்லை. நேர்மையான வாசகருக்கும் அவை எளிதில் புலப்பட்டுவிடும்.

வெளியீட்டு நிகழ்ச்சியை அரங்கில் நடத்துவதைவிட, பயிற்சி முடியும் நேரத்தில் மைதானத்தின் ஓரத்திலேயே நடத்துவது எனக்குப் பிடித்தமானது. வந்திருப்பவர்கள் களைத்திருப்பார்கள் என்பதால் அரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. இறுதிப் போட்டிக் காட்சியை வாசித்துவிடாதீர்கள். போட்டிக்கு முந்தைய இரவைப் பற்றிய பகுதி, காயம்பட்டவர் வெளியே உட்கார்ந்து பார்க்கும் பகுதி போன்றவற்றிலிருந்து பத்து நிமிடங்கள் வாசித்தால் போதும். முதல் பிரதியைப் பிரபலமான வீரருக்குத் தரலாம் என்று எல்லோரும் ஆலோசனை சொல்வார்கள். பல ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் புள்ளிக் கணக்கு எழுதிவரும் ஒருவருக்குத் தந்து பாருங்கள். விளையாட்டைப் பற்றி நாவல் எழுதும் அளவுக்கு அதை நேசிக்கும் ஒருவர் செய்யக்கூடிய மரியாதை அதுவே என்று நான் நினைக்கிறேன்.

நூல் வெளிவந்த முதல் மாதத்தில் ஆட்டம் பற்றிய பிழை ஏதேனும் சுட்டிக்காட்டப்படும். அதைச் சொன்னவரோடு வாதிடாமல் பக்க எண்ணோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் கோப்பை மாற்றினால் அடுத்து அச்சாகும் பிரதியிலிருந்தே திருத்தம் வந்துவிடும். சிறு திருத்தங்களுக்குப் புதிய ஐஎஸ்பிஎன் தேவையில்லை. திருத்திய பிரதியில் ஒன்றை, பிழையைச் சுட்டியவருக்கு அனுப்பிவையுங்கள்.